கடலை எண்ணெய்ச் சோப்பு: பசவனகுடியை முன்வைத்து ஓர் ஆய்வு

பெங்களூரு பசவனகுடியில், கன்னடக் கார்த்திகை மாதக் கடைசித் திங்கட்கிழமை கடலைக்காய்ப் பரிசை. புது விளைச்சலை நந்திக்குப் படைக்கும் திருவிழா. நந்திக்கு ஒரு கைப்பிடி, வீட்டுக்கு ஒரு மூட்டை என்று வாங்கி வரும் குடும்பங்களில் தை பிறப்பதற்குள் ஒரு தத்துவச் சிக்கல் முளைக்கிறது. மிஞ்சியதைச் செக்கில் ஆட்டிய எண்ணெய் தோசைக்கா, தோலுக்கா?

இதில் அடுப்படிவாதிகள், குளியலறைவாதிகள் என இரு பள்ளிகள் உண்டு. முன்னவர் வாதம் சிறியது: 'தின்கிற பொருளை எவனாவது சாக்கடையில் விடுவானா?' பின்னவர் கையில் எலக்ட்ரானிக் தராசு இருக்கிறது. 100 கிராம் தேங்காய் எண்ணெயைச் சோப்பாக்கச் சுமார் 18 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். கடலை எண்ணெய்க்குச் சுமார் 13.5 கிராம் போதும். இந்தச் சிக்கனத்தில் மயங்கியவர்கள் பலர். ஆனால் தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். நுரையும் கெட்டியும் அதன் கொடை. கடலை எண்ணெயில் அது கிடையாது. தனியாகக் காய்ச்சினால் வழுவழுக்கும், நுரைக்காது, சோப்புப் பெட்டியில் தண்ணீர் நின்றால் கூழாகும். சில மாதத்தில் ஆரஞ்சுப் புள்ளியும் சிக்கு வாடையும் தட்டலாம். இதை அடுப்படிவாதிகள் தெய்வச் செயல் என்பார்கள்.

சோப்பு இந்த ஊருக்குப் புதிதல்ல. முதல் உலகப் போரில் சந்தனக்கட்டை ஏற்றுமதி முடங்கியதும் மைசூர் மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விஸ்வேஸ்வரய்யாவும் இதே ஊரில் அரசு சோப்புத் தொழிற்சாலை தொடங்கினார்கள். வித்தை கற்றுவர எஸ்.ஜி. சாஸ்திரி என்பவரை இங்கிலாந்துக்குக் கப்பலேற்றினார்கள். நாமோ பதினைந்து நிமிட வீடியோ பார்த்துவிட்டு மொட்டைமாடிக்கு ஏறுகிறோம்.

சோப்பாக்காமல் அப்படியே தடவலாமே என்றால், தடவலாம். மார்கழிக் குளிரில் வெளிறிய முழங்காலில் குளித்த ஈரத்தோடு நாலு சொட்டு தேய்த்தால் ஈரம் தங்கும். தலையணை உறை மட்டும் கடலைமிட்டாய்க் கடை போல மணக்கும்.

தீர்ப்பு: மொத்த எண்ணெயில் கடலை எண்ணெய் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். மீதியைத் தேங்காய் எண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் பகிர்ந்துகொள்ளட்டும். காஸ்டிக் சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், அதன் தலையில் தண்ணீரை ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது. வார்த்த கட்டியை நாலைந்து வாரம் காற்றாட வையுங்கள். செக்கெண்ணெயில் கடலைப் புரதம் தங்கும், நிலக்கடலை ஒவ்வாதவர்களுக்கு அது ஆபத்து. ஆகவே கொலுவுக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு இந்தச் சோப்பை வைத்துக் கொடுப்பதானால், உறைமேல் 'கடலை' என்று தமிழிலும் கன்னடத்திலும் பெரிதாக எழுதிவிடுங்கள்.