செம்மறித்தோல் பூட்ஸ் அமர்வார்க்கே உரியது என நிறுவும் ஆய்வு

குளிர்காலத்துக்குச் செம்மறித்தோல் பூட்ஸ் உதவுமா, அணிந்தால் அழகாக இருக்குமா என்னும் இரட்டை வினா குளிர்நாட்டு நகரங்களில் ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் கிளம்பி, மார்ச்சில் விடை காணாமலே அடங்கிவிடுகிறது. பெரிய பெரிய சிக்கல்களை எல்லாம் அலசித் தீர்த்த அறிவுலகம் இதைத் தீண்டாமல் விட்டது வருந்தத்தக்கது. வாதிடுவோர் இரு கட்சியாகப் பிரிந்து நிற்கின்றனர். காலுக்கு இதமானது, எனவே நன்று என்பது முதற்கட்சி. நனைந்தால் உதவாது, பார்க்கவும் சகிக்காது, எனவே தீது என்பது எதிர்க்கட்சி. இருவரும் சேர்ந்து செய்யும் பிழை ஒன்று உண்டு: பூட்ஸ் என்பது நடப்பதற்காகச் செய்யப்பட்டது என்பதை யாரும் ஆராயாமலே ஒப்புக்கொள்கின்றனர். செம்மறித்தோல் பூட்ஸ் அமர்ந்திருப்பவருக்காக ஏற்பட்ட காலணி. இதை ஏற்றால் பயன், அழகு ஆகிய இரு முடிச்சுகளும் ஒருசேர அவிழும் என்பதே இவ்வாய்வின் துணிபு.

முதலில் பொருளின் இயல்பைக் காண்போம். இந்தப் பூட்ஸில் உரோமம் உட்புறம், தோல் வெளிப்புறம். இரண்டும் ஒரே ஆட்டின் ஒரே தோல். உரோம இழைகள் சுருண்டிருப்பதால் அவற்றுக்கிடையே காற்று அகப்பட்டு அசையாமல் நிற்கிறது. அசையாத காற்றின் வழியே வெப்பம் எளிதில் தப்புவதில்லை. மேலும், கம்பளி இழை தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரப்பதத்தை உறிஞ்சிக்கொண்டாலும் தொடுவதற்கு ஈரமாகத் தோன்றாது. காலுறை இல்லாமலே இதை அணிவோர் வியர்வையால் வாடாதிருப்பது இதனால்தான். ஆனால் காற்றைக் காட்டிலும் நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். வெளிப்புறமோ சொரசொரப்பான ஸ்வேட். தண்ணீரைக் கண்டால் குடிக்காமல் விடாது. காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்துவிட்டால் கதகதப்பின் கதை முடிந்தது. ஆகவே இந்தப் பூட்ஸின் பகை குளிரன்று, ஈரம். மைனஸ் 20 டிகிரியில் பனி மணல்போல உலர்ந்து கிடக்கும், தட்டினால் உதிர்ந்துவிடும், பூட்ஸ் பிழைக்கும். பிளஸ் 1 டிகிரியில் அதே பனி சேறாகும், பூட்ஸ் மாளும். நியூயார்க்கிலும் டொரன்டோவிலும் குளிர்காலம் பெரும்பாலும் இந்தப் பூஜ்யத்தைச் சுற்றியே ஊசலாடுகிறது. போதாக்குறைக்கு, பனியைக் கரைக்கச் சாலையில் உப்பைத் தூவுகிறார்கள். உப்பு நீர் பூஜ்யத்துக்குக் கீழேயும் உறையாது என்பதால், இயற்கை உலர்வாக விட்டுவைத்த நாள்களிலும் தெரு ஈரமாகிறது. ஸ்வேட்டில் வெள்ளைக் கறையும் படிகிறது. மனிதனை வழுக்காமல் காக்கும் மாநகராட்சியே இக்காலணிக்கு முதற்பகை என்பது இதனால் பெறப்படும்.

இனி வரலாற்றுச் சான்றுகள். முதல் உலகப் போரில் மூடியில்லாத விமானங்களில் பறந்த பிரிட்டிஷ் விமானிகள், தொடைவரை நீண்ட உரோமப் பூட்ஸ் அணிந்தனர். அந்த யோசனை லானோ ஹாக்கர் என்னும் விமானியுடையது என்பர். உயரத்தின் கடுங்குளிரில் மணிக்கணக்கில் இருந்த இடம் விட்டு அசையாதவர்கள் அவர்கள். இரண்டாம் உலகப் போரிலும் உரோமம் வைத்த பூட்ஸ் தொடர்ந்தது. ஆனால் சுட்டு வீழ்த்தப்பட்ட விமானி எதிரி நாட்டில் கால்நடையாகத் தப்ப நேர்ந்தபோது, அந்தப் பூட்ஸ் அவரைக் காட்டிக்கொடுக்கவும் செய்தது, நடக்கவும் விடவில்லை. எனவே தப்பியோடுவோருக்கு உதவ அமைந்த எம்.ஐ.9 என்ற பிரிட்டிஷ் உளவுப்பிரிவில் இருந்த கிளேட்டன் ஹட்டன் ஒரு புதுவகைப் பூட்ஸைச் செய்வித்தார். 1943இல் வந்த அதற்குள் சிறு கத்தி ஒன்று மறைந்திருக்கும். உரோமம் வைத்த மேற்பகுதியை அதனால் அறுத்தெறிந்தால் எஞ்சுவது சாதாரணக் கறுப்பு ஷூ. அமர்ந்திருக்கும்வரை உரோமம், நடக்க நேர்ந்தால் கத்தி: இதைவிடத் தெளிவான தீர்ப்பை எந்த ஆய்வாளனும் எழுத முடியாது. ஆஸ்திரேலியச் சான்றும் இதற்கு மாறுபடவில்லை. அங்கே இந்தப் பூட்ஸைப் பரப்பிய அலைச்சறுக்கு வீரர்கள் அதைப் போட்டுக்கொண்டு அலையில் இறங்கவில்லை. நீரிலிருந்து கரையேறி, விறைத்த கால்களைத் துடைத்த பிறகே அணிந்தார்கள்.

அற்றேல், ருஷ்யர் செம்மறிக் கம்பளியை அடித்துத் திரட்டிச் செய்த வாலென்கி என்னும் பூட்ஸுடன் குளிர்காலம் முழுதும் நடக்கின்றனரே எனின், அதுவும் நம் கட்சிக்கே சான்றாகும். உள்நாட்டுக் கடுங்குளிரில் பனி உலர்ந்தது என்பது மேலே கூறப்பட்டது. பனி இளகும் நாளில் ருஷ்யர் வாலென்கிக்கு மேல் ரப்பர் கலோஷை மாட்டிக்கொள்கின்றனர். ஆர்க்டிக்கின் இனுயிட் மக்கள் ஈரத்தில் நடக்க, நீர் புகாதபடி தைத்த சீல் தோல் பூட்ஸை நாடுகின்றனர். குளிர்காலத்தில் நடந்தே தீரவேண்டியிருந்த மக்கள் எல்லாரும் ஈரத்தைத் தடுக்க வெளியே ஒரு காவலை வைத்திருக்கிறார்கள். காவலே இல்லாமல் ஆட்டை அப்படியே திருப்பிப் போட்டுத் தைத்தது, நடக்கும் எண்ணம் இல்லாதவர் செயல். நீர் ஒட்டாத ஸ்பிரே அடித்தால் போதாதா எனின், தூறலுக்குப் போதும், குட்டைக்குப் போதாது. ரப்பர் வெளிப்புறத்துடன் உள்ளே உரோமம் வைத்த வகையும் விற்கிறதே எனின், அது கம்பளி உடுத்த ரப்பர் பூட்ஸ், வேறு குலம்.

அடுத்து அழகு. வடிவத்தைப் பொறுத்தவரை எதிர்க்கட்சி சொல்வது மெய்யே. சிறு குழந்தை பூட்ஸ் வரைந்தால் இப்படித்தான் வரையும். ஆயினும் ஆடை அழகு வடிவத்தில் மட்டும் இருப்பதில்லை என்பதைப் பொருளியலறிஞர் தோர்ஸ்டைன் வெப்லன் 1899இல் வெளியான தம் நூலில் விளக்கிவிட்டார். அணிந்தவருக்கு உடலுழைப்பு இல்லை என்று காட்டும் ஆடையே நாகரிகமாகத் தோன்றும் என்பது அவர் வாதம். பளபளக்கும் ஷூவும் கைத்தடியும் அவர் காட்டும் சான்றுகள். செம்மறித்தோல் பூட்ஸ் இவ்விதியின் உச்சம். 1970களின் இறுதியில் பிரையன் ஸ்மித் என்னும் ஆஸ்திரேலியர் இதை விற்கத் தேர்ந்த இடம், பனிச்சேறு என்பதையே அறியாத தெற்குக் கலிஃபோர்னியா. 2000இல் ஓப்ரா வின்ஃப்ரீ தம் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் போற்றிய பின் அமெரிக்கா முழுதும் பரவியது. அடுத்த சில ஆண்டுகளில் இளம்பெண்கள் இதைக் குட்டைப் பாவாடையோடு அணிந்தனர். முழங்காலுக்கு மேல் வெயிற்காலமும் கீழே பனிக்காலமும் ஒருங்கே நிலவிய அக்கோலம், குளிர் காரணமன்று என்பதைப் பறைசாற்றியது. மலிவுப் போலிகள் தெருவெங்கும் விற்கும்போது இதில் என்ன பெருமை எனின், பெருமை விலையில் இல்லை, கறையின்மையில் இருக்கிறது. பிப்ரவரியிலும் மாசுபடாத ஸ்வேட், அணிந்தவர் சூடேற்றிய காரிலிருந்து சூடேற்றிய அறைக்கு நேராக இறங்கியவர் என்பதற்குச் சான்றிதழ். கறை படிந்ததோ பேருந்துக்குக் காத்திருந்த கால்.

அவ்வாறாயின் இதைக் குளிர்கால அணி என்பதே பொருந்தாதே எனின், பொருந்தும். குளிர்நாட்டார் அந்தப் பருவத்தில் பெரும்பொழுதைக் கழிப்பது வீட்டுக்குள். அங்கே தரை சில்லிடும், பாதம் விறைக்கும், சேறு வராது. அமர்வாருக்கு இதனினும் பயனுள்ள காலணி இல்லை. எழுந்து தெருவில் இறங்குவாருக்கு இதனினும் பயனற்றது இல்லை. எனவே இதை வாங்குவோர் பாத அளவைப் பார்ப்பதோடு நில்லாமல், நாற்காலிக்கும் வாசலுக்கும் இடையே உள்ள தூரத்தையும் அளந்துகொள்வது நலம். வணிகர் செய்ய வேண்டிய திருத்தம் ஒன்றே: இந்தச் சரக்கைக் காலணிப் பகுதியிலிருந்து அகற்றி, சோபாவுக்கும் சாய்வு நாற்காலிக்கும் அருகே, அறைகலன் பகுதியில் வைத்து விற்பது.