செம்பு தங்கமாவது எப்படி?

பைத்தானில் 'நகல் = மூலம்' என்று எழுதினேன். நகலைத் திருத்தினால் மூலமும் மாறிவிடுகிறதே, இது என்ன மாயம்?
– ஒரு வாசகர், அறந்தாங்கி

புதுக்கோட்டையைப் புதுகை என்றும் கூப்பிடுகிறோம்; அதற்காக இரண்டு கலெக்டரா போடுகிறார்கள்? சமக்குறி பெயரைத்தான் சூட்டும், பொருளைப் படியெடுக்காது. காப்பி மாட்யூலில் வெறும் காப்பி எடுத்தாலும் பாதி வேலைதான் நடக்கும். புதுக்கோட்டை சமஸ்தானத்து அம்மன் காசை [['அம்மன் காசு', 'செம்பு']] என்று பட்டியலுக்குள் பட்டியலாக வைத்து, காப்பி எடுத்து, நகலில் செம்பைத் தங்கமாக்கிப் பாருங்கள். மூலத்திலும் தங்கம்! வெளிப்பட்டியல் புதுசு, உள்ளே இருப்பது பழைய ஆள். டீப்காப்பி எடுத்தால்தான் மூலத்தில் செம்பு செம்பாகவே இருக்கும்.

'அப்படியானால் எப்போதுமே முழு நகல் எடுத்துவிடலாமே, பி.எச்.பி.யில் அரே தானாக நகலாகிறதே' என்பீர்கள். அங்கேயும் ஆப்ஜெக்ட்டுக்குக் குளோன் என்று தனியாகச் சொல்லியாக வேண்டும். அதுவும் மேலோட்டமான நகல்தான். ஓர் ஆப்ஜெக்ட் இன்னொன்றைச் சுட்டும், அது போய் டேட்டாபேஸ் இணைப்பைச் சுட்டும். எது சொந்தச் சொத்து, எது பொதுச் சொத்து என்று மொழிக்கு எப்படித் தெரியும்? எழுதியவர்தான் சொல்ல வேண்டும். அதற்காகவே பைத்தானில் கிளாஸுக்குள் '__டீப்காப்பி__' மெத்தட் எழுத இடம் வைத்திருக்கிறார்கள்.

சரி, கிளாஸையே டீப்காப்பி எடுத்தால்? பைத்தான் அதே கிளாஸைத் திருப்பிக் கையில் கொடுத்துவிடும், பிழைச்செய்திகூட வராது! தனிக் கிளாஸ் வேண்டுமானால் அதிலிருந்து ஒரு வாரிசுக் கிளாஸ் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால், அப்பா கிளாஸில் கிடக்கும் பட்டியல் வாரிசுக்கும் பொதுதான்; பாகப்பிரிவினையை நீங்கள்தான் செய்து வைக்க வேண்டும்.