பட்டுச் சேலையில் கொழுந்து

போன சனிக்கிழமையையும் தின்றுவிட்டார்கள். ஸ்லைட் தயாரிப்பது எப்படி என்று ஆசிரியர்களுக்கு ஒரு செயலமர்வு, பதுளை டவுனில். நடத்தியவர்கள் யார் என்று கேட்காதீர்கள், எனக்குப் பென்ஷனுக்கு இன்னும் காலம் கிடக்கிறது. பசறை, லுணுகலைப் பக்கமிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்த டீச்சர்மார் எட்டரைக்கே உட்கார்ந்துவிட்டார்கள். மல்டிமீடியா புரொஜெக்டர்தான் பத்து மணிக்கு வந்தது. வந்த பிறகு வயரைக் காணோம். வயர் வந்த பிறகு லெப்டொப்பில் அதற்கு வாய் இல்லை.

அங்கே ஒன்றும் தேறவில்லை. வயிற்றெரிச்சலை இங்கே கொட்டிவிடுகிறேன்.

ஒருவழியாகப் படம் விழுந்தது. முதல் ஸ்லைட்டில் ஜே, கே, பி, ஓ என்று நாலு ஆங்கில எழுத்து, பின்னால் ஓர் அரைப்புள்ளி. மண்டபத்தில் ஒருவரும் பதறவில்லை. பாமினியில் அடித்த ‘தமிழ்’, அந்த ஃபொண்ட் இல்லாத கணினியில் அப்படித்தான் வரும். என் பக்கத்து டீச்சர் மீதி வரியையும் தட்டாமல் வாசித்துச் சொன்னார். யூனிகோட் வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது, ஆனால் வினாத்தாள் அடித்துப் பழகிய விரல் கேட்கிறதா? என் விரலும் கேட்பதில்லை.

வளவாளர் கழுத்துப்பட்டி கட்டிய இளைஞர், நல்ல பிள்ளை. ரிச்சர்ட் மேயர் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியரைப் பற்றிச் சொன்னார். பல்லூடகக் கற்றல் பற்றி 2001இல் புத்தகம் போட்டவர். படத்தைக் காட்டி வாயால் விளக்கினால் பிள்ளைக்கு ஏறும், அதே வசனத்தைத் திரையிலும் எழுதிப்போட்டு வாசித்தால் ஏறுவது குறையும் என்று சோதனை செய்து காட்டியவர். அழகுக்காக ஒட்டுகிற சம்பந்தமில்லாத படமும் கெடுதல் என்றும் சொன்னவர். இவ்வளவையும் வளவாளர் திரையைப் பார்த்து, ஒரு சொல் விடாமல் வாசித்தார். பின்னணியில் நயாகரா கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் துன்ஹிந்த அருவி அங்கிருந்து பக்கம்தான்.

இடையில் கரன்ட் போனது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு கைவைத்ததால் நாடு முழுக்க இருண்டது என்று அமைச்சரே சொன்ன நாளிலிருந்து, இங்கே கரன்ட் போனால் கூரையைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பார்த்தோம். கரன்ட் வந்ததும் வளவாளர், “வகுப்பில் இணையத்தை நேரடியாகத் திறந்து வீடியோ காட்டுங்கள்” என்றார். இதே பதுளை மாவட்டத்தில்தான் 2021இல், கொரோனாவுக்குப் பள்ளிக்கூடம் மூடியிருந்தபோது, பொஹிதியாவ கிராமத்துப் பிள்ளைகளும் ஆசிரியையும் சிக்னல் தேடிக் காட்டுவழியே மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து பாறை உச்சியில் ஏறியிருந்து படித்தார்கள். அவரிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது.

போகும்போது ஆளுக்கொரு மாதிரிப் பாடத்தைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தார்கள். தரம் ஐந்துக்கு, தேயிலை பற்றி. திங்கட்கிழமையே காட்ட வேண்டுமாம், காட்டியதைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டுமாம்.

எங்கள் பாடசாலை மல்டிமீடியா அதிபரின் அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது. எடுத்தால் பழுதாகும் என்று எடுப்பதில்லை, எடுக்காமல் வைத்தே பாதி பழுது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். வகுப்பில் திரைச்சீலை கிடையாது, ஜன்னலுக்கு வெளியே தேயிலை மலை பளிச்சென்று அடிக்கிறது. ஒரு பிள்ளையின் அம்மாவிடம், கொழுந்து பறிக்கும்போது சேலைக்கு மேல் கட்டும் படங்கை வாங்கி மலையை மறைத்துக் கட்டிவிட்டுத் தேயிலைப் படத்தைப் போட்டேன்.

பட்டுச் சேலையில் ஓர் அழகி. நகத்தில் சிவப்புச் சாயம், இடுப்பில் பூக்கூடை, மூக்கின் மேல் குறுக்கே படக் கம்பனியின் பெயர்.

“சேர், இந்த அக்கா கொழுந்தா பறிக்கிறாங்க? முத்தின எலையில்ல ஒடிக்கிறாங்க!”

உற்றுப் பார்த்தேன். முற்றின இலைதான். இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் என்று அடுத்த ஸ்லைட்டில் எழுதியிருக்கிறது, அது வரைக்கும் போக விட்டால்தானே.

“படங்கு கட்டல சேர். சேல கிழிஞ்சிரும்.”

“கூடைய இடுப்புல வச்சா ரெண்டு கையாலயும் எப்புடி சேர் பறிக்கிறது?”

“கங்காணி பாத்தாருன்னா கூடையோட கொட்டிருவாரு.”

வேறு நாடாக இருக்கலாம் என்று சமாளித்தேன். எந்த நாட்டு மடுவத்தில் இதை நிறுப்பார்கள் என்று கேட்டார்கள். பின்வாங்கில் இருந்தவன் கூடையை அளந்து, ரெண்டு கிலோ தேறாது என்றான். அதற்கு ஒரு சண்டை, இல்லை ஒன்றரைதான் என்று. ஈர இலை என்றால் தண்ணீருக்குக் கழிப்பார்களே என்று ஒருத்தி நினைவூட்டினாள், உடனே ஒன்றேகாலுக்கு இறங்கியது. இவர் தொழிலாளியே இல்லை, துரை பங்களாவுக்கு வந்த விருந்தாளி, போட்டோவுக்கு நிற்கிறார் என்று முன்வரிசை கட்சி கட்டியது. அப்படியானால் நாள் கூலிக்குப் பேர் போடத் தேவையில்லையே என்றது எதிர்க்கட்சி. காலையிலிருந்து மலையில் நின்றவருக்கு ஒன்றுமே கொடுக்காமல் அனுப்புவது பாவம் என்று ஒரு பெண்பிள்ளை கண் கலங்காத குறையாக வாதாடினாள். கடைசியில் அழகிக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, என்று வகுப்பு ஏகமனதாகத் தீர்த்தது. மணி அடித்துவிட்டது.

கழித்தல், நிறை, வாதாட்டம் எல்லாம் நடந்த அந்தப் பாடத்தைப் பதிவேட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் “தேயிலை – தொடரும்” என்று எழுதினேன். போட்டோவை அனுப்பினேன். திரை இருக்கும் பக்கத்தில் இன்னும் வெளிச்சம் தேவை என்று பதில் வந்தது.

மாதிரிப் பாடம் தயாரிக்கிறவர்களே, அடுத்த முறை தேயிலைப் படம் தேவைப்பட்டால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், இங்கிருந்தே எடுத்து அனுப்புகிறேன். எங்கள் பிள்ளைகளின் அம்மாமார் நிற்பார்கள், போட்டோவுக்குக் காசு வேண்டாம். அன்றைக்கு முழுப்பேர் போடும்படி மட்டும் துரையிடம் சொல்லிவிடுங்கள்.