உதட்டுக் கறை இலக்கணம்

உதட்டுக் கறை இருவகைப்படும்: வெற்றிலையால் வந்தது, வெற்றிலையால் வராதது. முன்னதை இலங்கையின் நிந்தவூரில் யாரும் கறையாகவே கணக்கெடுப்பதில்லை. பின்னதே இந்நூலின் பொருள். மூத்தம்மாவின் கீழுதட்டில் நீலமாக ஒரு புள்ளி கிடந்தால் போதும், வெற்றிலை வட்டாவைச் சுற்றி இருக்கிறவர்கள் மஹரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு வேன் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

அவர்களும் மூவகை. ஓதிப் பார்க்கச் சொல்பவர், பரிசாரியிடம் எண்ணெய் வாங்கச் சொல்பவர், "உடனே வெட்டிப் போடுங்க" என்பவர். மூன்றாமவரைப் பற்றிப் பின்னர் விரித்துரைப்போம்.

இனிக் கறையின் சாதிகள் நான்கு. முதற்சாதி, சிரைக்குளம். வயலிலும் கடலிலும் வெயில் தின்ற முதிய உதட்டில் சிறு இரத்தக்குழாய் ஒன்று விரிந்து, ஊதா நிறத்தில் தேங்கி நிற்பது. 1956இல் பீன், வால்ஷ் என்ற இருவர் இதை விவரித்தார்கள். (இந்தப் பீன்தான் தம் கட்டைவிரல் நகம் வளர்வதை 35 ஆண்டு அளந்து எழுதியவர். வகைப்படுத்தும் நோய்க்கு மருந்தில்லை.) கண்ணாடித் தகட்டால் அழுத்தினால் வெளிறும், எடுத்தால் நிரம்பும். விலக்கு: உள்ளே இரத்தம் உறைந்துவிட்டால் அழுத்தினாலும் அசையாது. கருமைப் புற்றோ என்று வைத்தியர்களே தடுமாறுவது இங்கேதான்.

இரண்டாம் சாதி, சிவந்த சதைமுளை. பல் பட்ட காயத்திலும் கர்ப்பிணிகளின் வாயிலும் சில வாரங்களில் முளைக்கும். சோறு பட்டாலே இரத்தம் வரும். இது பயமுறுத்துவது வேகத்தால். பிள்ளை பிறந்தபின் சில தாமாகவே சுருங்கும். வெட்டியதை எப்படியும் ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

மூன்றாம் சாதியே இந்நூல் எழுதக் காரணம். உதட்டுத் தமனி மேற்பரப்பை நெருங்கும்போது கிளைத்துச் சுருங்க வேண்டும். சிலருக்கு அது சுருங்குவதில்லை. பிரதான வீதி ஒழுங்கையாகக் குறுகாமல் அதே அகலத்தோடு ஒருவர் வீட்டு வாசலில் வந்து நிற்பதுபோல, தடித்தபடியே தோலுக்கடியில் வந்து நிற்கும். மேலே ஒரு மேடு. சிலருக்கு ஆறாத புண்ணும் உண்டு. வயதானவர், கீழுதடு, ஆறாத புண்: மூன்றும் சேர்ந்தால் பாடப்புத்தகம் புற்று என்றே சொல்லும். 1973இல் ஹாவெலும் ஃப்ரீமனும் எழுதும்வரை இது தனிச்சாதி என்றே பெரும்பாலோருக்குத் தெரியாது. தெரியாமல் பரிசோதனைக்கென்று கத்தி வைத்தால் பீறிட்டு வருவது தமனி இரத்தம். "வெட்டிப் போடுங்க" என்பவரை அச்சமயம் அங்கே காணக் கிடைக்காது.

இச்சாதியின் இலக்கணம் என்னவென்றால், துடிப்பு. சுட்டுவிரலை மெல்ல வைத்துப் பொறுமையாக இருக்க வேண்டும். பெருவிரல் ஆகாது, அதற்கே ஒரு துடிப்பு உண்டு, தன் நாடியைப் பிறர் உதட்டில் எண்ணிவிடும். ஐயமெனில் டாப்ளர் ஸ்கேன் சொல்லும்.

நான்காம் சாதி, மெய்யான புற்று. அழுத்தினால் வெளிறாது, துடிக்காது. ஓரம் கெட்டியாக இருக்கும், தொடக்கத்தில் வலிக்காது, இரண்டு வாரம் கடந்தும் ஆறாது. இலங்கை ஆண்களிடம் வாய்ப்புற்றே முன்னணியில் நிற்கிறது. புகையிலை சேராத பாக்கும் புற்று தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையில் சொன்னது. ஆனால் வெற்றிலைக்காரருக்கு அது பெரும்பாலும் வருமிடம் உதடு அல்ல, குதப்பலை அடக்கும் கன்னத்தின் உட்புறம். உதட்டை ஊரே பார்க்கும். கடைவாயை விளக்கடித்துப் பார்ப்பவர் யார்?

பார்த்தவர்கள் உண்டு. வைத்தியர் அல்லாத சுகாதார ஊழியர்களைப் பழக்கி, 28,000க்கும் மேற்பட்ட இலங்கையரை வாய் திறக்கச் சொல்லிப் பார்த்த ஆய்வு 1984இல் வெளியானது. அவர்கள் பிரித்தறிந்ததை நிபுணர்களும் பெரும்பாலும் ஒப்புக்கொண்டார்கள். மேற்பரிசோதனைக்குப் போகச் சொல்லப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் மட்டும் போகவேயில்லை. அவர்கள் எச்சாதி என்பதற்கு இந்நூலில் சூத்திரம் இல்லை.