குதிரைசக்தியும் குழியும்

அதிவேகக் கார் வாங்கினேன். ஒரே வருடத்தில் மூன்று முறை சஸ்பென்ஷன் போய்விட்டது. என் ராசியா? (வாசகர், அயனம்பாக்கம்)

அரசு ஊழியருக்கு சஸ்பென்ஷன் வந்தால் கவலை, உங்களுக்குப் போனால் கவலை! ராசியெல்லாம் இல்லை. 2011 அக்டோபரில் கிரேட்டர் நொய்டாவில் நடந்த முதல் இந்திய ஃபார்முலா ஒன் போட்டியில், ஃபெராரி ஓட்டிய ஃபெலிப்பே மாசாவுக்குச் சனிக்கிழமை தகுதிச் சுற்றில் முன் வலது சஸ்பென்ஷன் முறிந்தது. ஞாயிறு பந்தயத்தில் முன் இடது! இரண்டு முறையும் சக்கரம் ஏறியது ஓரக்கட்டை மீது. அதே பந்தயத்தை நம் நரேன் கார்த்திகேயன் எளிய அணியின் காரில் 17-வதாக முடித்தார்.

அப்படியானால் பழி காருக்கா, குழி விழுந்த எங்கள் வானகரம்–அம்பத்தூர் சாலைக்கா?

டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். சாதாரணக் காரின் 165/80 டயரில் ரப்பர் சுவர் 13 செ.மீ. உயரம், அதிவேகக் காரின் 265/35-ல் வெறும் 9. குழியின் அடியை டயர் வாங்காவிட்டால் யார் வாங்குவது? ரிம்மும் சஸ்பென்ஷனின் லோயர் ஆர்மும்தான். மழைநீர் தேங்கிய இடத்தில் ஆழம் தெரியாது; ஊர்ந்தே போங்கள்.

மெக்கானிக் ஒவ்வொரு முறையும் ஒரு பக்க ஷாக் அப்சார்பரை மட்டும் மாற்றுகிறாரே?

ஒரு கால் செருப்பு மட்டும் புதிதாக வாங்குவீர்களா? ஜோடியாக மாற்றச் சொல்லுங்கள். புஷ், பால் ஜாயின்ட், மேல் மவுண்ட் மூன்றையும் பார்த்த பிறகு வீல் அலைன்மென்ட். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரமே சாய்ந்துவிடும். திருப்பும்போது 'டொக் டொக்' கேட்டால் பைபாஸில் ஏறாதீர்கள், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.