புலவியும் பக்கக் கணக்கும்

காதலரிடையே எழும் பொய்க்கோபமாகிய புலவி, உணவிலிடும் உப்பைப் போல அளவோடு அமைய வேண்டும் என்று வள்ளுவர் வகுத்தது, வாசிக்கப்பட்ட பக்கங்களுக்கேற்பப் பணம் தரும் முறையை அமேசான் நிறுவனம் 2015 ஜூலையில் தன் சந்தா நூலகமாகிய கிண்டில் அன்லிமிடெட்டில் புகுத்துவதற்கு மிக முந்தியது என்பதை ஆய்வாளர் மறத்தலாகாது. பதிப்பகத்தாரின்றித் தாமே மின்னூல் வெளியிடும் தமிழ்க் காதல் நாவலாசிரியர், மாதநாவல் காலத்து முன்னோரைப் போல அச்சுத்தாளின் அளவுக்குள் நாயகனையும் நாயகியையும் சேர்த்துவைக்கும் கட்டாயம் அற்றவராதலால், ஒரே தொலைபேசி அழைப்பில் தீரக்கூடிய ஐயத்தை அத்தை, பாட்டி, அயல்நாட்டு வேலை ஆகியவற்றின் துணையோடு 400 பக்கம் பேணி வளர்க்கிறார். (எழுத்துருவைப் பெரிதாக்கிப் பக்கம் பெருக்கும் உத்தி இங்கே பலிக்காது, பக்கங்களை நிறுவனம் தன் சொந்த அளவுகோலால் எண்ணுகிறது.) இத்திட்டத்தில் சேர்ந்த மின்னூல் 90 நாள் வேறெந்த மின்கடையிலும் தலைகாட்டக் கூடாது என்னும் நிபந்தனை, கற்புநெறியை நாயகிக்கு மட்டுமன்றி நூலுக்கும் விதிக்கிறது, நாயகனுக்கு அது வழக்கம்போல் விருப்பப்பாடம். மெய்ப்புத் திருத்துநர், அட்டை ஓவியர், விளம்பரதாரர் ஆகிய மூவரும் ஆசிரியர் ஒருவரே ஆதலால், வாசகர் ஒற்றை நட்சத்திரமிட்டுச் சுட்டிய பிழைகள் நள்ளிரவில் களையப்பட்டு, இரண்டொரு நாளில் ‘திருத்திய பதிப்பு’ எவ்வித விழாவுமின்றி வெளிவந்துவிடுகிறது.