வசதி படைத்தவன் விண்ணப்பம்

மகா கனம் பொருந்திய உதவித்தொகைப் பிரிவு ஐயா அவர்களின் திருச்சமூகத்திற்கு,

கிழக்குத் தொடர்ச்சி மலையில் சாமை விதைத்துப் பிழைக்கும் வசதி படைத்தவன் ஒருவன் தெண்டனிட்டு எழுதுவது.

நான் வசதி படைத்தவன் என்பது போன செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணி வரை எனக்கே தெரியாது. முதியோர் உதவித்தொகை மனுவோடு வந்த என் அம்மா, அலுவலக வாசலில் ஜீப்பிலிருந்து இறங்கியதைத் தாங்கள் சன்னல் வழியே பார்த்துவிட்டீர்கள். “ஜீப்புல வந்து எறங்குற பாட்டிக்கு உதவித்தொகை ஒரு கேடா?” என்றீர்கள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். காது மந்தமான அம்மாவும் ஏதோ நல்ல சேதி என்று நினைத்துச் சேர்ந்து சிரித்தாள். மனுவின் மேல் ‘வசதி படைத்தவர்’ என்று எழுதித் திருப்பித் தந்தீர்கள்.

அதே ஜீப்பிலிருந்து இறங்கிய மற்ற பதின்மூன்று பேரும், நான்கு மூட்டை சாமையும், சந்தைக்கு வந்த ஓர் ஆடும் தங்கள் கருணைக் கண்ணில் படவில்லை. பட்டிருந்தால் அந்த ஆட்டையும் வசதிக் கணக்கில் சேர்த்திருப்பீர்கள்.

ஐயா, எங்கள் ஊரில் சாலை வசதி இல்லை. பஸ் வசதி இல்லை. ஆஸ்பத்திரி வசதி இல்லை. இத்தனை வசதி இல்லாததால் மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு பழைய ஜீப் வாங்கினோம். உடனே வசதி வந்துவிட்டது!

சின்னக் கார் வாங்கியிருக்கலாமே என்பீர்கள். என் மச்சான் வாங்கினார். ஏற்றத்தில் கிளட்ச் கருகியது. இறக்கத்தில் பாறை தட்டி ஆயில் சேம்பர் உடைந்தது. ஐப்பசி மழையில் செம்மண் களியாகிவிட்டால், இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி நின்ற இடத்திலேயே குழி தோண்டும். எங்களுக்கு நாலு சக்கரமும் இழுக்க வேண்டும். நடைவேகத்தில் பாரத்தோடு ஏற ஒரு தனிக் கியர் வேண்டும். வண்டியின் வயிறு கல்லில் இடிக்கக் கூடாது.

அந்த வயிற்றுக்கும் வரி உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு மேல் நீளம், 1,500 சி.சி.க்கு மேல் எஞ்சின், தரையிலிருந்து குறைந்தது 170 மில்லிமீட்டர் இடைவெளி என்றிருக்கும் புது வண்டிக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். உல்லாசப் படகுக்கும் அதே வரிதான். 170 மில்லிமீட்டர் என்பது முக்கால் சாண். எண் சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பார்கள். எங்கள் மலைக்கு அந்த முக்கால் சாண்தான் பிரதானம்.

சாலை கேட்கவில்லையா என்றால், கேட்டோம். 2000-இல் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் சமவெளி ஊருக்கு 500 தலை, மலை மாநிலத்து ஊருக்கு 250 தலை என்று எண்ணியது. எங்களிடம் மலை இருக்கிறது, மலை மாநிலம் இல்லை. ஊரில் 212 பேர். மீதி 288 பிள்ளைகளைப் பெற்றுவிடலாம். பிரசவத்துக்குக் கீழே போக ஜீப் வேண்டும், ஜீப் ஏறினால் வசதி.

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் கிராமசபை பரிந்துரைத்தால் சாலைக்குக் காட்டு நிலம் தரும். ஒரு ஹெக்டேருக்குள், 75 மரங்களுக்கு மிகாமல். 3.75 மீட்டர் அகலத்தில் போட்டால் அந்த ஹெக்டேர் மூன்று கிலோமீட்டர்கூட வராது. எங்கள் ஊர் அடிவாரத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டர்.

2023 மே மாதம் வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்து ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தது. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் பாதை சரியில்லாமல் பாதியில் இறக்கிவிட, பெற்ற தாய் அந்தச் சின்ன உடலைக் கையில் ஏந்தி நடந்தாள். அவள் வீட்டு வாசலில் ஒரு ஜீப் நின்றிருந்தால், அவளையும் வசதி படைத்தவள் என்றுதான் எழுதியிருப்பீர்கள். பாதை போடத் துப்பில்லாதவர்களுக்கு, பாதையில்லாமல் ஏறுகிற வண்டியைக் குறை சொல்ல என்ன யோக்கியதை?

மன்னிக்க வேண்டும், ஏற்றத்தில் எஞ்சின் சூடாகிவிட்டது. தண்ணீர் ஊற்றிவிட்டுத் தொடர்கிறேன்.

தருமபுரி மாவட்டத்துக் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை மேல் ஏறிப்போனது தாங்கள் அறிந்ததே. கழுதைக்கு நாலு கால், நாலு சக்கரம் இல்லை. ஆகவே அடுத்த முறை அம்மாவைக் கழுதையில் அழைத்துவர உத்தேசம். அது வசதியில் சேருமா என்று முன்கூட்டியே தெரிவித்தால் நலம்.

தாங்கள் ஒருநாள் நேரில் வந்து எங்கள் வசதியைப் பார்வையிட வேண்டும். தங்கள் கார் அடிவாரம் வரை வரும். அதற்கு மேல் எங்கள் ஜீப்தான். ஆட்டுக்குப் பக்கத்தில் இடம் போட்டு வைக்கிறோம்.

அம்மாவின் மனுவை மட்டும் இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். அவளுக்கு வயது 74. ஜீப் அவள் பெயரில் இல்லை.

இப்படிக்கு,
வசதி படைத்தவன்